கொடியில் ஏன் சிலுவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக நாடுகளின் கொடிகளைச் சேர்த்து வைப்பது என் பொழுதுபோக்கு. பார்க்க வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஐந்தாறு கொடியைப் புரட்டியதும் யாராவது ஒருவர் சிலுவையில் விரல் வைத்து ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கொடியில் சிலுவை இருந்தால் அது கிறிஸ்தவ நாடு என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நார்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1821-இல் வரைந்த கொடியில் சிலுவை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அரசையும் லூத்தரன் திருச்சபையையும் பிரிக்க 2012-இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். கொடியை யாரும் தொடவில்லை.

இதற்கு நேர் எதிராக ஜாம்பியா. 1991 டிசம்பரில் அதிபர் சிலுபா அதைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்தார். 1996-இல் அந்த வாசகம் அரசியல் சட்டத்தின் முகவுரையிலும் ஏறியது. கொடியில் என்ன இருக்கிறது? பச்சைத் துணி, மூன்று பட்டைகள், பறக்கும் கழுகு. சிலுவை கிடையாது. ஒரு கொடியைப் பார்த்தால் அந்த நாடு எந்தக் காலத்தில், யாரோடு சண்டை போட்டு, யாரிடமிருந்து பிரிந்து உருவானது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். இன்று அங்கே கோயிலுக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று ஊகிக்க முடியாது.

மொத்தம் எத்தனை நாட்டுக் கொடிகளில் கிறிஸ்தவச் சின்னம் இருக்கிறது?

2014-இல் பியூ ஆய்வு மையம் எண்ணிப் பார்த்தது. 196 நாடுகளில் 64 நாட்டுக் கொடிகளில் ஏதாவது ஒரு மதச் சின்னம் இருந்தது. அதில் 31 கிறிஸ்தவச் சின்னங்கள்.

ஆனால் இந்த எண் நீங்கள் எதைச் சின்னம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூலையில் பிரிட்டன் கொடி இருப்பதாலேயே பட்டியலில் ஏறிய நாடுகள் உண்டு. ஸ்பெயினும் பட்டியலில் இருக்கிறது. அங்கே சிலுவையைப் பார்க்க வேண்டுமென்றால் இலச்சினையில் உள்ள கிரீடத்தின் உச்சியைத் தேட வேண்டும்.

சிலுவையைக் கொடியில் போடும் பழக்கத்தை யார் ஆரம்பித்தது?

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனிலிருந்து தொடங்குவார்கள். 312-இல் ரோமுக்கு வெளியே மில்வியன் பாலத்துச் சண்டைக்கு முன், கிறிஸ்துவின் பெயரில் வரும் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைச் சேர்த்து வீரர்களின் கேடயத்தில் வரையச் சொன்னார் என்பது பழைய பதிவு. அது நாம் இன்று பார்க்கும் சிலுவை வடிவம் அல்ல.

இன்றைய கொடிகளுக்கு நெருங்கிய முன்னோர் சிலுவைப் போர்கள்தான். 1188-இல் பிரெஞ்சு அரசரும் இங்கிலாந்து அரசரும் சந்தித்து, யார் படை என்று அடையாளம் தெரிய ஆளுக்கொரு நிறம் பிரித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிவப்புச் சிலுவை, ஆங்கிலேயர்களுக்கு வெள்ளை, ஃபிளாண்டர்ஸ்காரர்களுக்கு (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பச்சை. ஆமாம், இன்று இங்கிலாந்தின் அடையாளமாக இருக்கும் சிவப்புச் சிலுவை அன்று பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது! எல்லோருக்கும் ஒரே மதம், ஒரே சிலுவை. வித்தியாசம் காட்டியது நிறம் மட்டும். 1339-இல் லாப்பன் சண்டையில் இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள பெர்ன் நகரப் படையும் அதன் கூட்டாளிகளும் வெள்ளைச் சிலுவை அணிந்து போனதும் இதே காரணத்துக்காகத்தான். சுவிஸ் கொடியின் வேர் அங்கே இருக்கிறது.

டென்மார்க், சுவீடன், நார்வே, ஃபின்லாந்து, ஐஸ்லாந்து எல்லாம் ஒரே அச்சு. ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்தார்களா?

காப்பி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அச்சு டென்மார்க்குடையதுதான். 1219-இல், இன்றைய எஸ்தோனியாவின் தாலின் நகரம் இருக்கும் இடத்தில், இரண்டாம் வால்டெமார் அரசர் தோற்கப்போகும் நேரத்தில் வானத்திலிருந்து சிவப்புக் கொடி விழுந்தது என்பது அவர்கள் கதை. அந்தக் கொடியின் நம்பத்தக்க படம் கிடைப்பது 14-ஆம் நூற்றாண்டில்தான். இருந்தாலும் ஜூன் 15-ஐ இன்றும் கொடிநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மற்றவர்கள் எடுத்தது சிலுவையை மட்டுமல்ல, உறவையும்தான். நார்வே 1814 வரை டென்மார்க்கோடு இருந்தது, அப்புறம் சுவீடனோடு சேர்க்கப்பட்டது. நார்வே நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிரெட்ரிக் மெல்ட்சர் 1821-இல் செய்தது எளிய வேலை: டென்மார்க் கொடியின் வெள்ளைச் சிலுவைக்குள் ஒரு நீலச் சிலுவையை நுழைத்தார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்றதும் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா நினைவுக்கு வரும். நாங்களும் சுதந்திர மக்கள் என்று சொல்ல அது போதும். ஃபின்லாந்து 1918-இல் நீலச் சிலுவையை எடுத்தபோது, 'நாங்கள் ரஷ்யப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்' என்பதும் அதில் அடங்கியிருந்தது. நீலம் ஏரி, வெள்ளை பனி என்றுதான் அங்கே விளக்குவார்கள். இயேசு அந்த விளக்கத்தில் வருவதே இல்லை.

எல்லோரும் இந்த வரிசையில் சேரவும் இல்லை. கிரீன்லாந்து 1985-இல் கொடி தேர்ந்தெடுத்தபோது பச்சை வெள்ளைச் சிலுவைக் கொடி ஒன்றும் போட்டியில் இருந்தது. 14-க்கு 11 என்ற வாக்கில் அது தோற்றது. ஜெயித்தது சிவப்பும் வெள்ளையும் இரண்டு பாதியாக இருக்கும் வட்டம்.

அந்தச் சிலுவை ஏன் நடுவில் இல்லாமல் கம்பத்துப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது?

கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே பார்க்கலாம். டென்மார்க் கொடிக்கு உயரம் 28 கட்டம்: சிவப்பு 12, வெள்ளை 4, சிவப்பு 12. அகலத்தில் கம்பத்துப் பக்கத்திலிருந்து 12, 4, அப்புறம் 18. ஆக, கம்பத்துப் பக்கம் இரண்டு சரியான சதுரங்கள், வெளிப்பக்கம் அதைவிட ஒன்றரை மடங்கு நீண்ட இரண்டு செவ்வகங்கள். வணிகக் கப்பல்களுக்காக 1748-இல் போட்ட விதி இது. பிறகு கடைசிப் பகுதியை 21 வரை நீட்டவும் அனுமதித்தார்கள்.

போட்டிக்கு வரைகிற பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிலுவையைச் சரியாக நடுவில் போட்டுவிடுவார்கள். அப்போது அது வேறு கொடி ஆகிவிடும்.

பிரிட்டன் கொடியில் எத்தனை சிலுவை? தலைகீழாகக் கட்டியிருந்தால் கண்டுபிடிக்க முடியுமா?

மூன்று. வெள்ளைமேல் சிவப்பாக நிமிர்ந்து நிற்பது இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவை. நீலத்தின்மேல் வெள்ளையாகப் பெருக்கல் குறிபோல் இருப்பது ஸ்காட்லாந்தின் புனித அந்திரேயா சிலுவை. அதற்குள் மெலிந்த சிவப்பாகச் சாய்ந்து ஓடுவது அயர்லாந்துக்காகச் சேர்த்த புனித பேட்ரிக் சிலுவை. முதல் இரண்டையும் 1606-இல், இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசரான ஜேம்ஸ் சேர்த்தார். மூன்றாவது 1801-இல் வந்தது. வேல்ஸுக்கு இடமே இல்லை. 1606-க்கு வெகு முன்பே அது இங்கிலாந்தோடு சட்டப்படி சேர்க்கப்பட்டுவிட்டது.

தலைகீழைக் கண்டுபிடிக்கக் கம்பத்துக்குப் பக்கத்தில் மேல்மூலையைப் பாருங்கள். சாய்ந்து வரும் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை இருக்கும், ஆனால் ஒன்று அகலம், ஒன்று ஒல்லி. அந்த மூலையில் அகல வெள்ளை மேலே இருந்தால் சரி. ஒல்லி மேலே வந்தால் தலைகீழ். பேட்ரிக்கின் சிவப்பை நட்டநடுவில் போட்டிருந்தால் அந்திரேயாவின் சிலுவை வெறும் பார்டர் ஆகிவிடும். அதனால் கொஞ்சம் தள்ளி வைத்து, மூத்தவரான ஸ்காட்லாந்துக்குக் கம்பத்துப் பக்கம் மேல்வரிசை கொடுத்தார்கள். இவ்வளவு நுணுக்கமும் மரியாதை வரிசைக் கணக்குதான், இறையியல் அல்ல.

அப்படியானால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கொடிகளிலும் மூன்று சிலுவையா?

எண்ணினால் ஆமாம். ஆனால் அங்கே அதைச் சிலுவையாகப் பார்ப்பவர்கள் குறைவு, பிரிட்டனாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நியூசிலாந்தில் 2016-இல் பொது வாக்கெடுப்பு நடந்தபோது சண்டையெல்லாம் பழைய ஏகாதிபத்திய உறவைப் பற்றியே இருந்தது. 56.6 சதவீதம் பேர் பழைய கொடியே போதும் என்றார்கள். கனடா 1965-இலேயே மேப்பிள் இலைக்குப் போய்விட்டது.

இந்தியக் கடற்படைக் கொடியில் இருந்த புனித ஜார்ஜ் சிலுவையும் இதே ரகம். 2001-இல் எடுத்தார்கள். புதிதாக வந்த நீல முத்திரை வானத்தோடும் கடலோடும் கலந்து தெரியவில்லை என்று 2004-இல் சிலுவை திரும்ப வந்தது. 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி, விக்ராந்த் கப்பலைக் கடற்படையில் சேர்த்த நாளில், மறுபடி போனது. காரணமாகச் சொன்னது காலனி ஆட்சியின் மிச்சம் என்பதுதான். மதம் பேசப்படவில்லை.

தென்சிலுவை நட்சத்திரக் கூட்டமும் கிறிஸ்தவச் சின்னமா?

பெயர் வைத்தது ஐரோப்பிய மாலுமிகள், அதனால் பெயரில் சிலுவை இருக்கிறது. கொடியில் அது சொல்வது 'நாங்கள் பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிறோம்' என்பதைத்தான்.

சுவிஸ் கொடியும் செஞ்சிலுவைக் கொடியும் ஒன்றுக்கொன்று தலைகீழ். தற்செயலா?

தற்செயல் இல்லை. 1864 ஜெனீவா உடன்படிக்கையில் காயம்பட்ட வீரர்களைக் காப்பவர்களுக்கு வெள்ளைமேல் சிவப்புச் சிலுவையை அடையாளமாக வைத்தார்கள். சுவிட்சர்லாந்துக்கு மரியாதையாக அதன் நிறங்களை மாற்றிப் போட்டது என்று 1906 உடன்படிக்கை எழுத்திலேயே சொல்கிறது. மத அர்த்தம் கிடையாது என்பது அதிகாரபூர்வ நிலை.

ஆனால் போர்க்களத்தில் அந்தக் குறிப்பை யார் படித்துக்கொண்டிருப்பார்கள்? 1876-இல் ரஷ்யாவோடும் பால்கன் பகுதியிலும் பதற்றம் முற்றிய காலத்தில், சிலுவை தன் முஸ்லிம் வீரர்களுக்கு உறுத்தும் என்று ஒட்டோமான் அரசு செம்பிறையைக் கையில் எடுத்தது. 1929-இல் அது சட்டப்படி ஏற்கப்பட்டது. எந்த மதத்தையும் நினைவூட்டாத செம்படிகம் (சாய்சதுர வடிவச் சிவப்புச் சட்டம்) 2005-இல் மூன்றாவதாக வந்தது. சின்னத்தை வைத்தவர் என்ன நினைத்தார் என்பதைவிட, பார்க்கிறவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் ஜெயிக்கிறது. என் சேகரிப்பில் எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

மால்டா கொடியின் மூலையில் இருப்பது மால்டாச் சிலுவைதானே?

வினாடி வினா நடத்துகிறவர்களே தப்பாகச் சொல்லும் இடம் இது. எட்டு முனை கொண்ட மால்டாச் சிலுவை அந்நாட்டு யூரோ காசிலும் வணிகக் கப்பல் கொடியிலும் உண்டு. தேசியக் கொடியில் இருப்பது ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம். இரண்டாம் உலகப் போரில் குண்டு மழையைத் தாங்கியதற்காக ஆறாம் ஜார்ஜ் அரசர் 1942 ஏப்ரல் 15-இல் அந்தத் தீவு முழுவதற்கும் கொடுத்தது.

கொடியின் பெரிய படம் ஒன்றை எடுத்துக் கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறச் சிலுவையின் நடுவில் சின்ன வட்டம். அதற்குள் குதிரைமேல் ஒருவர், காலடியில் டிராகன். புனித ஜார்ஜ்தான்! காலனி அரசர் கொடுத்த ராணுவப் பதக்கம், அதற்குள் ஒரு புனிதர், அது தங்கியிருப்பது ஆழமான கத்தோலிக்க நாடு ஒன்றின் கொடியில். எது மதம், எது அரசியல் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் நான் கையை விரித்துவிடுவேன்.

ஜமைக்கா கொடியில் இருக்கும் பெருக்கல் குறியும் அந்திரேயா சிலுவையா?

வடிவம் அதேதான். வந்த வழி வேறு. 1962-இல் முதலில் போட்ட கிடைப்பட்டை வடிவம் அப்போதைய தாங்கனிகா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) கொடியைப்போல் இருந்ததால் மாற்றினார்கள். கருப்பு, பச்சை, பொன்னிறம் மூன்றுக்கும் விளக்கம் மக்கள், நிலம், வெயில் என்றுதான் போகும். வடிவத்தை மட்டும் பார்த்து மதம் சொல்லக் கூடாது.

சிலுவை என்று தெரியாமலே கிறிஸ்தவம் ஒளிந்திருக்கும் கொடி உண்டா?

போர்ச்சுகல். நடுவில் உள்ள கேடயத்தில் ஐந்து நீலச் சிறு கேடயங்கள், அவை நிற்பதே சிலுவை வடிவில். ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளைப் புள்ளிகள். 1139-இல் ஔரிக் சண்டைக்கு முன் போர்ச்சுகலின் முதல் அரசரான அஃபோன்சோ என்ரிக்ஸுக்குக் கிறிஸ்து காட்சி கொடுத்தார், அந்தப் புள்ளிகள் அவருடைய ஐந்து திருக்காயங்கள் என்பது மரபுக் கதை.

இதில் சுவாரஸ்யம் எங்கே என்றால், இன்றைய கொடியை வைத்தவர்கள் பக்தர்கள் அல்ல. 1910-இல் மன்னராட்சியைக் கவிழ்த்த குடியரசுக்காரர்கள் திருச்சபையை வெளிப்படையாக எதிர்த்தவர்கள். 1911 ஏப்ரலில் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் போட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் கொடியை அறிவித்தார்கள். நீலமும் வெள்ளையும் போய்ப் பச்சையும் சிவப்பும் வந்தன, மன்னர் கிரீடம் போயிற்று. ஐந்து காயங்கள் அப்படியே இருந்தன. அவர்கள் கண்ணுக்கு அது கிறிஸ்துவாகத் தெரியவில்லை, போர்ச்சுகலாகத் தெரிந்தது.

இன்னும் வேண்டுமென்றால் மால்டோவா கழுகின் அலகைப் பாருங்கள், சிலுவையைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்தோரா கேடயத்தில் ஆயரின் தொப்பியும் செங்கோலும் இருக்கின்றன. உர்ஹெல் ஆயர் இன்றும் அந்த நாட்டின் இரண்டு தலைவர்களில் ஒருவர்.

ஏதோ ஒரு கொடியில் பைபிளே இருக்கிறதாமே?

டொமினிக்கன் குடியரசு. வெள்ளைச் சிலுவையின் நடுவில் உள்ள இலச்சினையில் திறந்த பைபிள், யோவான் 8:32: சத்தியம் உங்களை விடுதலையாக்கும். இவர்கள் 1844-இல் பிரிந்தது ஐரோப்பாவிடமிருந்து அல்ல, பக்கத்து ஹைட்டியிடமிருந்து. விடுதலைக்காக ஹுவான் பாப்லோ துவார்த்தே 1838-இல் தொடங்கிய ரகசியச் சங்கத்தின் பெயரே திரித்துவத்திலிருந்து எடுத்ததுதான். டொமினிக்கா என்று இன்னொரு தீவு நாடு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே கொடியில் மூன்று நிறச் சிலுவை, அதற்கும் திரித்துவம்தான் விளக்கம்.

ஜார்ஜியா கொடி பார்த்தாலே பழசு என்று தெரிகிறது. எவ்வளவு பழசு?

தேசியக் கொடியாக 2004 ஜனவரியில் வந்தது. நடுவில் பெரிய சிலுவை, நான்கு மூலையிலும் சின்னச் சிலுவைகள் என்ற வடிவம் இடைக்காலத்தது, உண்மைதான். ஆனால் 2003-இல் ஆட்சியைக் கவிழ்த்த ரோஜாப் புரட்சியில் தெருவுக்கு வந்தபோது அது எதிர்க்கட்சித் தலைவர் சாகாஷ்விலியின் கட்சிக் கொடி. சோவியத் நிழலிலிருந்து விலகி ஐரோப்பா பக்கம் போகிறோம் என்று காட்ட இடைக்காலச் சிலுவைகளை எடுத்தார்கள். ஃபின்லாந்து பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 12 நட்சத்திரம் மாதாவின் கிரீடம் என்கிறார்களே, உண்மையா?

பாதி. அந்தக் கொடியை முதலில் ஐரோப்பிய மன்றம் (ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) 1955 டிசம்பர் 8-இல் ஏற்றது, ஒன்றியம் பிறகு எடுத்துக்கொண்டது. அது அமலோற்பவ மாதா திருநாள். வரைந்தவர்களில் ஒருவரான ஆர்சேன் ஹைட்ஸ், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 12 நட்சத்திரக் கிரீடம் மனதில் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதிகாரபூர்வ விளக்கமோ, 12 என்பது முழுமையின் எண் என்பதோடு நிற்கிறது. சிலுவை போட்ட வடிவங்களும் பரிசீலனைக்கு வந்தன. மன்றத்தில் துருக்கியும் உறுப்பினர், அது ஒப்புக்கொள்ளவில்லை.

இதே இழுபறி ஒரு காசில் திரும்ப வந்தது. புனிதர்கள் சிரில், மெத்தோடியஸ் நினைவாக ஸ்லோவாக்கியா 2 யூரோ காசு போடப்போனபோது, ஒளிவட்டத்தையும் ஆடையில் உள்ள சிலுவைகளையும் எடுக்கும்படி ஐரோப்பிய ஆணையத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 2013-இல் ஒளிவட்டத்தோடுதான் காசு வந்தது.

இரண்டு தரப்பு இருக்கும் நாட்டில் என்ன செய்கிறார்கள்?

அயர்லாந்தின் பச்சை கத்தோலிக்கர், ஆரஞ்சு புராட்டஸ்டண்டுகள், நடு வெள்ளை இருவருக்கும் இடையில் சமாதானம். ஒரு சிலுவைகூட இல்லாத கொடி, ஆனால் அதன் முழுக் கதையும் கிறிஸ்தவப் பிரிவுகளைப் பற்றியது. 1937 அரசியல் சட்டம் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் என்றுதான் தொடங்குகிறது.

சைப்ரஸில் 1960 அரசியல் சட்டமே கொடி நடுநிலையாக இருக்க வேண்டும் என்றது. கிரேக்கர்களின் சிலுவையும் வேண்டாம், துருக்கியர்களின் பிறையும் வேண்டாம். தீவின் வரைபடமும் ஒலிவக் கிளைகளும் போட்டார்கள். பாவம், அந்தக் கொடி யாருக்கும் உறுத்தவில்லை, ஆனால் யாரையும் சேர்த்தும் வைக்கவில்லை. 1974-இல் தீவு இரண்டானது.

அமெரிக்காவில் மதமும் அரசும் தனித்தனி என்றால், காசில் கடவுள் எப்படி?

கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் உள்நாட்டுப் போர் நடந்த 1864-இல் காசில் ஏறியது. கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொல் 1954-இல் நுழைந்தது, தேசிய வாசகம் ஆனது 1956-இல். பனிப்போர் உச்சத்தில், கடவுளை மறுக்கும் கம்யூனிஸ்டுகள் அல்ல நாங்கள் என்று சொல்ல அது உதவியது.

கொடி விஷயத்தில் ஒரு வழக்கு உண்டு. பாஸ்டன் நகர மன்றத்தின் மூன்றாவது கம்பத்தில் வெளி அமைப்புகள் தங்கள் கொடியை ஏற்ற அப்போது அனுமதி இருந்தது. கிறிஸ்தவக் கொடிக்கு மட்டும் மறுத்தார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அது தவறு என்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மதத்தை மட்டும் தள்ளக் கூடாது என்பதுதான் வாதம், கிறிஸ்தவம் அரசு மதம் என்பதல்ல. தீர்ப்பைப் பாதி படித்தவர்கள் இரண்டு பக்கமும் இதை மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் அந்தக் கொடிகளைத் தங்கள் கொடியாக ஏற்பார்களா?

ஆளைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது. டென்மார்க்கில் பிறந்தநாள் கேக்கில் சின்னச் சின்னக் கொடிகளைக் குத்தி வைப்பார்கள். அங்கே வளரும் குழந்தைக்கு அது எந்த வீட்டுக் குழந்தையானாலும் முதலில் கேக்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் 1966 உலகக் கோப்பைக் கூட்டத்தில் பறந்தது யூனியன் ஜாக், அதாவது பிரிட்டன் கொடி. புனித ஜார்ஜ் கொடி ரசிகர்கள் கைக்குப் பெரிய அளவில் வந்தது 1996 ஐரோப்பியக் கோப்பையில். அதே கொடியைத் தீவிர வலதுசாரிகளும் தூக்குகிறார்கள். அதனால் சிலருக்கு அது கால்பந்து, சிலருக்கு மிரட்டல். செஞ்சிலுவை விஷயத்தில் சொன்னேனே, பார்க்கிறவர் கண் என்று, அது இங்கேயும்தான்.

கொடியை மாற்றவே கூடாது என்று சட்டம் போட்ட நாடு உண்டா?

பசிபிக்கில் உள்ள டோங்கா. 1875 அரசியல் சட்டம் அதன் கொடி ஒருபோதும் மாற்றப்படாது என்கிறது. சிவப்புக் கொடி, மூலையில் வெள்ளைச் சதுரம், அதற்குள் சிவப்புச் சிலுவை. முதலில் அவர்கள் வைத்திருந்தது வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை மட்டும். அது செஞ்சிலுவைக் கொடியைப்போலவே இருக்கிறது என்று தெரிந்ததும் சிலுவையை மூலைக்கு நகர்த்தினார்கள். மாற்றக் கூடாது என்று சட்டம் எழுதியது அதற்கு அப்புறம்தான்.